டிஸ்கில் ஏறாத கருஞ்சிறுத்தை

ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், நாள் முழுக்க இலையும் மானும் பன்றியுமாகப் படம் பார்ப்பது என் வேலை. செண்பகத்தோப்புக் காட்டு மரங்களில் எங்கள் ஆய்வுக் குழு கட்டியிருக்கும் கேமராக்கள் எடுக்கிற படங்கள். மலையேறிப் போய் மெமரி கார்டுகளைக் கழற்றி வருபவர் எங்கள் வாட்சர். காட்டில் பார்த்த கதையை வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்.

கருஞ்சிறுத்தையைப் பார்த்தேன் என்று ஒருநாள் அவர் சொன்னதற்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பன்றியைப் பார்த்து மிரண்டிருப்பார் என்றார்கள். ஒரு மாதம் அதே கேலி. மனிதர் சோறு தண்ணி இறங்காமல் அலைந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கொண்டுவந்த கார்டைத் திறந்தேன். கன்னங்கரேலென்று, நீண்ட வாலோடு, கேமராவை முறைத்துக்கொண்டு நின்றது.

"பாத்தியளா சார்? பன்னியாம்ல, பன்னி! திங்கக்கெழம மீட்டிங்ல அவிய மூஞ்சியப் பாக்கணும்." திரையை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார்.

மறுநாள் கேமராவில் போட, கார்டைக் காலி செய்து உடனே அவரிடம் தர வேண்டும். படங்களை ஹார்ட் டிஸ்குக்குக் காப்பி போட்டேன். வேகம் போதாதென்று ரைட் கேஷ் என்கிற வசதியை நான்தான் போட்டு வைத்திருந்தேன். அது படங்களைத் தன் நினைவில் வைத்துக்கொண்டே 'எழுதியாச்சு' என்று காட்டும். டிஸ்கில் எழுதுவது அப்புறம்தான். தபாலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே போட்டாச்சு என்று சொல்லும் ஆளைப் போல. அதனால் கம்ப்யூட்டரில் 'எஜெக்ட்' கொடுத்து, எடுக்கலாம் என்று அது சொன்ன பிறகுதான் டிஸ்கின் வயரைப் பிடுங்க வேண்டும். எனக்குத் தெரியாதா என்ன? பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. உடம்பெல்லாம் அலுப்பு. காப்பி முடிந்ததாகக் காட்டியதும் கார்டை அழித்துக் கொடுத்துவிட்டு வயரைப் பிடுங்கினேன். தினமும் அப்படித்தான் பிடுங்குகிறேன், ஒன்றும் ஆனதில்லை என்கிற திமிர்.

திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் டிஸ்கைத் திறந்தேன். படத்தின் பெயர் இருந்தது. அளவு பூஜ்யம்; படம் டிஸ்கில் ஏறவே இல்லை. கார்டோ மறுபடி மரத்தில் புதுப் படங்களை வாங்கிக்கொண்டிருந்தது. பிற்பாடு அதை எடுத்து எவ்வளவோ தோண்டியும் பழையது கிடைக்கவில்லை.

"சார், நீங்கதான பாத்திய? சொல்லுங்க சார்."

பார்த்தேன் என்று சொன்னால், படம் எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி.

"கார்டு கெட்டுப்போயிருந்துச்சு போல" என்றேன்.

கார்டை மழையில் நனைய விட்டீரா என்று குழுத் தலைவர் அவரைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்களுக்குச் சிரிப்பு. அவர் என்னையே பார்த்தார். சண்டாளன், அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அந்த ரைட் கேஷை நிறுத்திவிட்டேன். காப்பி ஆமையாய் நகர்கிறது. டிஸ்கைக் கழற்றி, மறுபடி மாட்டி, ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை அழிக்கிறேன். பஸ் போய்விடுகிறது, போகட்டும்.

அவர் இன்னமும் வருகிறார். "இன்னைக்குக் காட்டுல என்ன பாத்தீங்க?" என்று வாராவாரம் கேட்கிறேன்.

"ஒண்ணும் பாக்கல சார்" என்று கார்டை மேஜையில் வைத்துவிட்டு, உட்காராமலே போய்விடுகிறார்.