சத்தமே இல்லாமல் திறந்த பாட்டில்

பிரான்சில் எப்பர்னே பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் சோலாஞ்ச் அம்மையாருக்குப் பயப்படாதவர் கிடையாது. சொந்தத் திராட்சை, சொந்த நிலவறை, சொந்தப் பெயர் ஒட்டிய ஷாம்பெய்ன். பாட்டிலை 'டப்' என்று திறப்பவன் அவருக்கு மனிதனே இல்லை. கார்க்கை இறுக்கிப் பிடித்துப் பாட்டிலைத் திருப்ப வேண்டும். பெருமூச்சு போல ஒரு சத்தம் வரலாம், அவ்வளவுதான். மகளைக் கேட்டு வந்த இரண்டு பேரை அந்த 'டப்'புக்காகவே கழித்துக்கட்டியவர்.

மூன்றாவதாக மகள் கரீன் கூட்டி வந்தவன் பாஸ்தியான். லில் நகரத்துக்காரன், பீர் குடித்து வளர்ந்தவன். கரீனுக்கு அவனைத் தவிர யாரும் வேண்டாம். மலிவு பாட்டில்களாக வாங்கி அவனுக்கு ரகசியமாகப் பயிற்சி கொடுத்திருந்தாள்.

ஞாயிறு மதிய விருந்து. பக்கத்துத் தோட்டக்காரர் ஒக்டாவ், பாதிரியார், நான் எல்லோரும் மேஜையில் இருந்தோம். சோலாஞ்ச் எடுத்துக் கொடுத்த தன் பாட்டிலைப் பாஸ்தியான் திருப்பினான். கார்க் வந்தது. பெருமூச்சுகூட வரவில்லை.

"அடேயப்பா! எனக்கே இப்படி வந்ததில்ல" என்றார் சோலாஞ்ச். கரீன் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது.

எல்லோருக்கும் ஊற்றினான். ஒரு குமிழிகூட எழவில்லை. கார்க் சரியாகப் பொருந்தாமல் கேஸ் முழுக்க எப்போதோ வெளியே போயிருக்கிறது. சோலாஞ்ச் தன் கிளாஸையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் விருந்துக்குப் போன இடத்தில் நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே!

"என்ன ஒரு அடக்கம் இந்த வைனுக்கு!" என்றார் ஒக்டாவ்.

"ஜெபம் பண்ணின மாதிரி மனசு அமைதியாகுதும்மா" என்றார் பாதிரியார்.

நான் கண்ணை மூடித் தலையாட்டினேன்.

"நீ என்ன தம்பி சொல்ற?" என்று சோலாஞ்ச் பாஸ்தியானைக் கேட்டார்.

கரீன் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

"கேஸ் போயிடுச்சுங்க மேடம். குடிக்க முடியல."

சோலாஞ்ச் ஒக்டாவ் பக்கம் திரும்பினார். "ஏன்யா, முப்பது வருஷமா என் வைனப் புகழ்ந்தியே, அதெல்லாம் இந்த லட்சணம்தானா?"

ஒக்டாவ் பிஸ்கட்டை ஆராய ஆரம்பித்தார்.

சோலாஞ்ச் விறுவிறுவென்று நிலவறைக்குப் போய் வேறொரு பாட்டிலோடு வந்தார். அவசரத்தில் கார்க்கை இறுக்கிப் பிடிக்க மறந்தார். 'டப்!' கார்க் கூரையில் அடித்தது. நாங்கள் கூரையைப் பார்த்தோம், அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. பாஸ்தியானுக்கு மட்டும் ஊற்றினார்.

"குடி. உள்ளதச் சொல்லு."

மெதுவாகக் குடித்தான். காலி கிளாஸை நீட்டினான்.

"இது பிரமாதமா இருக்குங்க. இன்னும் கொஞ்சம் ஊத்துறீங்களா?"

சோலாஞ்சுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கரீன், இவர எங்கயும் விட்டுடாதடி. இந்த ஊர்ல எனக்குன்னு ஒரு ஆள் வேணும்."