பதினோரு நாள் அடைப்பு

ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த கம்பெனியில் மொத்தம் நாற்பது பேர் இருந்தோம். பெரும்பாலும் இந்தியர்கள், பாகிஸ்தானியர்கள். உள்ளூர்க்காரர் என்று சொல்ல ஒரே ஒருவர்தான். எங்கள் பாஸ்போர்ட்டுகளையும் விசாத் தாள்களையும் தூக்கிக்கொண்டு அரசாங்க அலுவலகங்களுக்குப் போய் முத்திரை வாங்கி வருவது அவர் வேலை. அந்த வேலை பார்ப்பவரை அங்கே மந்தூப் என்பார்கள். ஐம்பதை ஒட்டிய வயது. மெலிந்த உடம்பு. எல்லோரும் அவரை ஹாஜி என்றே கூப்பிட்டோம். அவருடைய அப்பா படகில் பம்பாய்க்குப் பேரீச்சம்பழம் கொண்டுபோய் விற்றவராம். அதனால் ஹாஜிக்கு இந்தி நன்றாக வரும். திருச்சியிலிருந்து போய்த் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட என் இந்தியைவிட அவருடையது எவ்வளவோ மேல்.

நான் அந்த அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டேன். ஹாஜி என்னை முஹந்திஸ் என்பார், என்ஜினியர் என்று அர்த்தம்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. இன்டர்நெட்டில் பல பக்கங்கள் அங்கே திறக்காது. திறக்கப் பார்த்தால் மன்னிப்புக் கேட்டு ஓர் அறிவிப்பு வரும். கம்ப்யூட்டர் வழியாகப் பேசுவதும் முகம் பார்ப்பதும் தடை. ஆபீஸில் ஒவ்வொருவராக என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்பார்கள். "மாஃபி" என்று, அரபியில் இல்லை என்று அர்த்தம், கையை விரித்துவிடுவேன். வழி தெரியாமல் இல்லை. என் மனைவியும் மூன்று வயது மகளும் என் விசாவில்தான் அங்கே இருந்தார்கள். எனக்கு ஒன்று என்றால் மூன்று பேரும் விமானம் ஏற வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் ஹாஜி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். அந்த ஊரில் பல ஆபீஸ்களில் ஒரு மணிக்கு மூடி நாலு மணிக்குத் திறப்பார்கள். எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கப் போயிருந்தார்கள். அவருடைய மூத்த மகளுக்கு ரத்தத்தில் ஏதோ வியாதி என்று எங்களுக்குத் தெரியும். பதினான்கு வயது. அரசாங்கமே ஜெர்மனிக்கு அனுப்பி வைத்தியம் பார்த்தது. அம்மா உடன் இருந்தாள். கீழே நாலு சின்னப் பிள்ளைகள் என்பதால் ஹாஜி இங்கே இருந்தார்.

"முஹந்திஸ், ஒரு உதவி வேணும்" என்றார். "ஆஸ்பத்திரில ஒரு கம்ப்யூட்டர் குடுத்திருக்காங்க. அதுல முகம் பாத்துப் பேசலாமாம். இங்க வீட்டுல போட்டுப் பாத்தேன், வரல."

"தடை, ஹாஜி. ஆபீஸ்லயும் வராது. போன்ல பேசிக்கலாமே."

அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

"அவளுக்குக் காது கேக்காது. பொறந்ததுலேர்ந்தே. கையாலதான் பேசுவா. போன்ல என்ன பேசறது?"

எனக்கு அது தெரியாது. இரண்டு வருடம் ஒரே ஆபீஸில் இருந்திருக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியுமென்றால் மெசேஜ் அனுப்பலாமே என்று கேட்டேன். அனுப்புகிறாள் என்றார். "ஆனா எழுத்துல அவ வேற பொண்ணு மாதிரி இருக்கா. பாடம் ஒப்பிக்கற மாதிரி. அவ கிண்டல், கோபம் எல்லாம் கையிலதான் இருக்கு. மூணு மாசமா அந்தக் கையை நான் பாக்கல."

அன்று சாயங்காலமே சிங்கப்பூரில் இருந்த என் தம்பிக்கு போன் செய்தேன். அவன் வீட்டுக் கம்ப்யூட்டரை அணைக்காமல் வைத்திருக்கச் சொன்னேன். எங்கள் ஆபீஸிலிருந்து அவன் கம்ப்யூட்டருக்கு ஒரு மூடிய பாதை போட்டு, அதன் வழியாக வெளியே போனால், பார்ப்பவர்களுக்கு நாங்கள் சிங்கப்பூரில் இருப்பது போலத் தோன்றும். "எதுக்குண்ணே?" என்று கேட்டான். "ஆபீஸ் வேலைடா" என்றேன்.

மறுநாள் ஒன்றரை மணிக்கு ஹாஜியை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். படம் வர நேரமானது. முதலில் ஒரு ஜன்னலும் திரைச்சீலையும் தெரிந்தன. பிறகு தலையில் நீலத் துணி கட்டிய ஒரு சிறுமி. கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன. ஹாஜி கையைத் தூக்கி ஏதோ சொன்னார். அவள் உடனே மளமளவென்று கைகளை அசைக்க ஆரம்பித்தாள். படம் விட்டுவிட்டு வந்ததால் பாதி அசைவு காணாமல் போனது. ஹாஜி திரும்பி என்னைப் பார்த்தார். "பாதி வார்த்தை விழல, முஹந்திஸ்." மெதுவாகப் பேசச் சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னார். அவள் சலிப்போடு கண்ணை உருட்டிவிட்டு, ஒவ்வோர் அசைவையும் நிறுத்தி நிறுத்திச் செய்து காட்டினாள், அப்பாவுக்கு அரிச்சுவடி சொல்லித்தருகிறவள் போல. ஹாஜி வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

அதன்பிறகு வெள்ளி தவிர தினமும் ஒன்றரை மணி. நான் கதவருகே நாற்காலி போட்டு யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அறையில் பேச்சுச் சத்தமே இருக்காது. அங்கியின் கை உரசும் ஓசையும், அவர் மோதிரம் மேஜையில் படும் ஓசையும்தான். சில நாள் அவர் கோபமாகக் கையை வீசுவார், மருந்து சாப்பிட அடம்பிடிக்கிறாள் என்பார். ஒருநாள் இருவருக்கும் பெரிய சண்டை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டாள். முகத்தைத் திருப்பினால் பேச்சு முடிந்தது, கெஞ்சவும் வழியில்லை என்று ஹாஜி விளக்கினார். ஐந்து நிமிடம் அவள் பின்னந்தலையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

என்னையும் அவளுக்குத் தெரியும். காலையில் நெற்றியில் பூசும் விபூதி மத்தியானம் வரை எனக்குக் கொஞ்சம் மிச்சமிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, நெற்றியில் ஒரு விரலால் குறுக்கே கோடு இழுத்தாள். "அதான் இனிமே உம் பேரு" என்றார் ஹாஜி. "அவளுக்குப் பிடிச்சவங்களுக்கு மட்டுந்தான் பேர் வைப்பா. நம்ம மேனேஜருக்கு வைக்கல." பதிலுக்கு நான் வணக்கம் சொன்னேன். அதையும் கற்றுக்கொண்டாள்.

நாலு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் காலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் டெலிபோன் கம்பெனியிலிருந்து அரபியில் ஒரு கடிதம் வந்திருந்தது.

"நம்ம லைன்ல ஏதோ வெளிய ஓடுதாம். என்னன்னு கேட்டிருக்காங்க" என்றார். "என்ன, யாருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாம். நாளைக்கு அது இருக்கக் கூடாது. உனக்கு ஃபேமிலி இருக்கு, யோசிச்சுக்க."

ரோலா பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன். அவள் அப்போது இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். "என்னங்க, அவரு இந்த ஊர்க்காரரு. மாட்டினா அவரை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நம்மளைத்தான் தூக்கிப் போடுவாங்க" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவள் சொன்னதால் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தேன். மறுநாள் ஆபீஸில் வேறு யாரும் வருவதற்கு முன் அந்தப் பாதையை அழித்தேன். இரண்டு நிமிட வேலை.

ஒன்றரை மணிக்கு ஹாஜி வந்தார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். கடிதம் வந்திருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவர் வேறு வழி தேடியிருப்பார். அவருக்கு எல்லா அலுவலகத்திலும் ஆள் தெரியும். நான் சொல்லவில்லை. உள்ளூர்க்காரர், கோபத்தில் யாரிடமாவது போய்க் கேட்டுவைத்தால் என் பெயர் வெளியே வந்துவிடுமே என்று நினைத்தேன்.

"என் தம்பி வீடு மாத்தறான், ஹாஜி. அங்க லைன் இல்ல. சரியாகறதுக்குக் கொஞ்ச நாளாகும்" என்றேன்.

"எத்தனை நாள்?"

"பத்து, பதினஞ்சு நாள் ஆகலாம்."

"பரவாயில்ல" என்றார். வந்தவர் உடனே போகவில்லை. கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

முதல் நாலு நாள் தினமும் வந்து கேட்டார். ஐந்தாம் நாளிலிருந்து கேட்கவில்லை. வாசலில் எட்டிப் பார்ப்பார், நான் தலையாட்டுவேன், போய்விடுவார். அந்த வாரம் மகளுக்குச் சின்ன ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொன்னதாக மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மேனேஜர் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரே ஒரு தடவை பாதையைத் திறந்துவிட்டு மறுபடி மூடிவிடலாமா என்று இரண்டு முறை நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு முறையும் எழுந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் ஹாஜி வேலைக்கு வரவில்லை. பத்து மணிவாக்கில் மேனேஜர் வெளியே வந்து எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல் கண்டு, கண் விழிக்காமலே அவள் போய்விட்டாள்.

உடலைக் கொண்டுவந்து அடக்கம் செய்தபின் துக்கம் கேட்கப் போனோம். வீட்டுக்கு முன்னால் பெரிய கூடாரம். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சின்னக் கிண்ணங்களில் கசந்த காப்பி வந்தது. என் முறை வந்ததும் ஹாஜி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பக்கத்திலிருந்த பெரியவர்களிடம் அரபியில் ஏதோ சொன்னார். அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து என் தோளைத் தொட்டார்கள். என்ன சொன்னார் என்று கூட வந்த பாகிஸ்தானி நண்பரிடம் கேட்டேன். "நாலு மாசம் எம் மகளை எனக்குக் காட்டினவன் இவன்தான்னு சொன்னார், பாய்" என்றார் அவர். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. குடிக்காத காப்பியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றேன்.

ஹாஜி பிறகு வேலைக்குத் திரும்பினார். மத்தியானங்களில் என் அறைப் பக்கம் வருவதில்லை. எனக்கு மகன் பிறந்தபோது அவனுடைய பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வாங்கித் தந்தது அவர்தான். ஒரே நாளில் முடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒன்றரை வருடம் கழித்துச் சென்னையில் வேலை கிடைத்து, நான் ராஜினாமா செய்தேன். விசாவை ரத்து செய்ய ஹாஜியின் காரிலேயே போனோம். வழியில் பெரிய நெரிசல். இனிமேல் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"ஹாஜி, அன்னிக்கு என் தம்பி வீடு மாத்தல. நான்தான் அடைச்சேன். லெட்டர் வந்துச்சு, பயந்துட்டேன்."

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்ப?"

"அன்னிக்கே. நீ சொல்லும்போது ரெண்டு கையையும் பேன்ட் பைக்குள்ள வெச்சிருந்த. நான் பதினாலு வருஷம் கையைப் பாத்தே பேச்சைப் புரிஞ்சுக்கிட்டவன்."

"ஏன் கேக்கல?"

"கேட்டு? மாட்டினா என்னை ஒரு ஆபீஸர் கூப்பிட்டு, ஹாஜி, இதெல்லாம் நல்லாயில்லன்னு சொல்லி டீ குடுத்து அனுப்புவான். உன்னை ஏர்போர்ட்டுக்கு அனுப்புவான். அந்தத் தாள்ல முத்திரை வாங்கறவன் நான்தான், எனக்குத் தெரியாதா? உன்னால முடிஞ்சது நாலு மாசம்."

வண்டிகள் கொஞ்சம் நகர்ந்தன. அதற்குமேல் பேச மாட்டார் என்று நினைத்தேன். பேசினார்.

"ஆபரேஷன் வரைக்கும் தினமும் அந்த நேரத்துக்கு அவ கம்ப்யூட்டர் முன்னால போய் உக்காந்திருக்கா. எங்கிட்ட யாரும் சொல்லல, அப்புறமாத்தான் சம்சாரம் சொன்னா. அப்பாவுக்கு டூட்டி அதிகம்னு அவ அம்மா சொன்னாளாம். இவ நம்பல. அன்னிக்கு அப்பாவோட சண்டை போட்டேன்ல, அதனால அப்பா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார்னு கையால சொல்லியிருக்கா." காரைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். "அது மட்டுந்தான் எனக்குத் தீரல. லைன் இல்லன்னு அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கலாம். நானும் அனுப்பல. இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு இருந்துட்டேன்."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தியில் அந்த வார்த்தை எனக்குத் தெரியும். சொல்ல வரவில்லை. அவரும் எதிர்பார்த்தவராகத் தெரியவில்லை. அலுவலகத்தில் கூட்டம் நெரிந்தது. அவர் உள்ளே போய்ப் பதினைந்து நிமிடத்தில் வந்து, ரத்தான விசாவை விரித்துக் காட்டினார். "முப்பது நாள் இருக்கு. அதுக்குள்ள கிளம்பிடு" என்றார். எல்லோருக்கும் சொல்வதுதான்.

என்னை ரோலாவில் இறக்கிவிட்டுப் போனார். மாடியேறி வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி பெட்டிகளில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள். மகன் ஒரு காலிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தான்.

"கேன்சல் ஆயிடுச்சாங்க? எதுவும் பிரச்சினை இல்லியே?"

"இல்ல" என்றேன்.

காரில் ஹாஜி சொன்னதை அன்றைக்கு அவளிடம் சொல்லவில்லை. இத்தனை வருடம் ஆகியும் சொல்லவில்லை. சொன்னால், தான் சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது என்று அவள் நினைத்துக்கொள்வாள். அது அவளால் வந்ததில்லை.