விலாசம் போதாத வசனம்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், காலண்டர் தொங்க வேண்டிய இடத்தில், நாற்பத்தெட்டுக் கட்டங்கள் கொண்ட ஒரு மரப்பெட்டி தொங்கியது. முதல்முறை வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் வீட்டில் யாரோ ஹோமியோபதி பார்க்கிறார்கள் என்று நினைத்துத் தங்கள் முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அப்பாவும் மறுக்காமல் கேட்டுக்கொள்வார். கேட்டு முடித்ததும் ஒரு கட்டத்திலிருந்து சீட்டு ஒன்றை உருவி, அதிலிருக்கும் வேதாகமத்துச் சங்கீத வசனத்தை வாசித்து, அது எத்தனை நூற்றாண்டு கழித்து யாரிடத்தில் நிறைவேறியது என்று விளக்குவார். முழங்கால் வலிக்காரர்கள் இரண்டாம் முறை வந்ததில்லை.

அப்பா ரயில் தபாலில் சார்ட்டர். எழும்பூரிலிருந்து தெற்கே போகும் மெயிலில் கடிதங்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. ஓடுகிற வண்டியில் நின்றபடியே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து மரக்கட்டங்களில் போடுவது வேலை. இருபத்தைந்து வருஷம் அதைச் செய்தவருக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்தான்: விலாசம் உள்ளது, விலாசம் இல்லாதது. அவருடைய விசுவாசமும் அதே வண்டியில்தான் ஏறியது. சங்கீதங்கள் என்பவை தாவீது ராஜா எழுதித் தபாலில் சேர்த்த கடிதங்கள். ஆயிரம் வருஷம் பயணம் செய்து, பெத்லகேமில் பிறந்தவர் கையில் போய்ச் சேர்ந்தவை. அப்பாவின் வேத சாஸ்திரம் மொத்தமும் இவ்வளவுதான்.

அவர் ரயிலில் செய்ததை வீட்டிலும் செய்தார். ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்துக்கொண்டிருந்த எனக்குக் கையெழுத்து அழகாக இருந்ததால் மாட்டிக்கொண்டேன். நூற்றைம்பது சங்கீதங்களையும் வசனம் வசனமாகச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டியது நான். அப்பா பிரித்துப் போடுவார். 'பிறப்பு', 'காட்டிக்கொடுத்தல்', 'பாடுகள்', 'உயிர்ப்பு' என்று கட்டங்களுக்குத் தலைப்பு ஒட்டியிருந்தது. 'இரண்டாம் வருகை' என்ற கட்டம் பெரிது, ஆனால் அதில் சீட்டுகள் குறைவு. இடம் வீணாகிறதே என்று அம்மா அதில் ரேஷன் கார்டை வைத்தாள்.

"ரேஷன் கார்டு எங்க?"

"இரண்டாம் வருகையில இருக்கு, பாருங்க."

கடைசி வரிசையில் ஒரு கட்டத்துக்கு 'விலாசம் போதாதவை' என்று பெயர். அப்பாவுக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே முகம் சுருங்கும். எந்தச் சீட்டையும் அதில் போடுமுன் அரைமணி நேரம் யோசிப்பார். தன்னுடைய அப்பத்தைச் சாப்பிட்ட நண்பனே தனக்குத் துரோகம் செய்தான் என்று ஒரு சங்கீதத்தில் வருகிறது. யூதாஸ்தான், சந்தேகமே இல்லை என்று 'காட்டிக்கொடுத்தல்' கட்டத்தில் போட்டார். அதே சங்கீதத்தில் கொஞ்சம் மேலே, பாடுகிறவர் தான் பாவம் செய்துவிட்டதாக ஒப்புக்கொள்கிறார். ஆண்டவர் எங்கே பாவம் செய்தார்?

"ஒரே கவர்ல ரெண்டு விலாசம்ப்பா" என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில், நான் திருட்டு ஸ்டாம்ப் ஒட்டியவள் போல ஆகிவிட்டேன்.

யூதர்கள் இன்றைக்கும் இவற்றைத் தங்கள் சொந்தப் பாட்டாகத்தான் பாடுகிறார்களாமே என்று இன்னொரு நாள் கேட்டேன். சண்டைக்கு இழுக்கத்தான் கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

"தபால் பெட்டி அவங்க ஊர்ல இருந்துது. அதுக்காக லெட்டர் அவங்களுக்கா?" என்றார்.

இவ்வளவு உழைத்தவருக்கு ஒரு பெரிய குறை இருந்தது. எங்கள் கோயிலில் பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை மும்மணி ஆராதனை நடக்கும். ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷம் தியானித்துப் பேசுவார்கள். பதின்மூன்றாவது நிமிஷத்தில் போதகர் மணி அடிப்பார். எங்கள் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அந்த ஐயர் பதினோரு வருஷமாக அப்பாவுக்குக் கொடுத்து வந்தது ஐந்தாம் வார்த்தை. தாகமாயிருக்கிறேன் என்று ஆண்டவர் சொன்ன அந்த வார்த்தை. தாம்பரத்து வெயிலில், பகல் ஒன்றே முக்கால் மணிக்கு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத ஜனத்திடம் தாகத்தைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும்? அப்பா வாயைத் திறந்ததும் பாதிச் சபை எழுந்து வராந்தாப் பானைப் பக்கம் போய்விடும். ஆண்டவருக்குக் குடிக்கக் கொடுத்த புளித்த காடியை அவர் சங்கீத எண்ணோடு நிறுவி முடிக்கும்போது, கேட்டுக்கொண்டிருப்பது அம்மாவும் நானும், எழுந்திருக்க முடியாத வயதானவர்கள் சிலரும்தான்.

அவர் ஆசைப்பட்டது நான்காம் வார்த்தை. தேவன் தம்மைக் கைவிட்டது ஏன் என்று ஆண்டவர் கேட்டது. இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வரி அது. கைகால்களைத் துளைத்தது, உடைக்குச் சீட்டுப் போட்டது, தலையை ஆட்டிப் பரிகசித்தது எல்லாம் அந்த ஒரே சங்கீதத்தில் இருக்கிறது. அப்பா மொழியில் சொன்னால், அது ரிஜிஸ்தர் தபால். ஆனால் நான்காம் வார்த்தை ஒரு ஹெட்மாஸ்டருக்குப் பட்டா போட்டது போல இருந்தது.

அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று ஹெட்மாஸ்டருக்குப் பொன்னுக்கு வீங்கி. ஐம்பத்து நாலு வயதில், பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமிருந்து ஒட்டிக்கொண்டது. ஐயர் சைக்கிளில் வீட்டுக்கு வந்து, இந்தத் தடவை நாலாவது நீங்க எடுத்துக்குங்க என்றார். அப்பா முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ள மிகவும் கஷ்டப்பட்டார். ஐயரின் சைக்கிள் தெருமுனை திரும்பியதும், "நல்லாப் பண்ணிட்டா அடுத்த வருஷமும் இதுதான்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் கோயில்பிள்ளை எதிர்ப்பட்டார். கோயிலைப் பெருக்கி, மணியடித்து, பானைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்.

"இன்னா சார், இந்த வருசமும் தாகம்தானே? ரெண்டு பானை எக்ஸ்ட்ரா சொல்லிக்கிறேன்."

"இல்லப்பா, நாலாவது."

"அட! அப்ப பானை வேஸ்டா பூடுமே சார்" என்றார் அவர், நிஜமான கவலையோடு.

திங்கட்கிழமை முதல் அப்பா லீவு. இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முப்பத்தொரு வசனச் சீட்டுகளையும் மேஜையில் பரப்பி ஒத்திகை நடந்தது. ஒவ்வொன்றையும் வாசித்து, சுவிசேஷத்தில் அது நிறைவேறிய இடத்தைச் சொல்லி, கையால் காற்றில் ஒரு கட்டத்தில் போடுவார். ஒன்பதாம் வசனம் வந்தபோது மட்டும் கை நின்றது. தாயின் வயிற்றிலிருந்து என்னை எடுத்தது நீர்தான், பால் குடிக்கும்போதே உம்மை நம்ப வைத்ததும் நீர்தான் என்று பாடுகிறவர் சொல்லும் இடம் அது.

"பிறப்புல போடலாமேப்பா" என்றேன்.

"வயித்துலேர்ந்து பிறக்காதவங்க யாரு? அவருக்கு மட்டும் பொருந்துற மாதிரி ஏதாவது இருக்கணும். விலாசம் போதாது" என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசைக் கட்டத்தில் போட்டார்.

கூடத்து ஓரத்தில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எனக்கு ஒரு சந்தேகம். இந்த லெட்டர் முழுக்க ஆண்டவருக்குன்னா, தாவீது எதுக்கு நடுவுல பிரிச்சுப் படிச்சு அழுதாரு?"

"அவர் எழுதினவர்."

"எழுதினவருக்கு எலும்பெல்லாம் கழண்டு போச்சு, நாக்கு ஒட்டிக்கிச்சுன்னு வருதே. வேற யாருக்கோ போற லெட்டர்ல எதுக்கு அவ்ளோ அழுகை?"

அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது தபால் சட்டப்படி குற்றம். அப்பா தாவீது ராஜாவின் மேல் வழக்குப் போடவும் முடியாமல் விடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு சீட்டுகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கினார். விட்டுத்தள்ளுங்கப்பா, கோயிலில் இதை யார் கேட்கப் போகிறார்கள் என்றேன். "உங்கம்மா மூணாவது வரிசையில உக்காந்திருப்பாளே" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைக்காவிட்டால் நான்காம் வார்த்தையை ஐயரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார் போலிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் சீட்டுகளை எண்ணினார். முப்பதுதான் இருந்தன. ஒன்பதாம் வசனத்தைக் காணோம். ஒரு கடிதம் குறைந்தால் சார்ட்டருக்குச் சோறு இறங்காது. பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிக் கவிழ்த்தார். இரண்டாம் வருகையிலிருந்து ரேஷன் கார்டும் ஒரு பெருங்காய டப்பியும் விழுந்தன. மேஜைக்கு அடியில் தவழ்ந்தார். என் கைப்பையைச் சோதித்தார். நான் கோபித்துக்கொண்டு, விலாசம் இல்லாத சீட்டுக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கத்தினேன்.

அம்மா உள்ளேயிருந்து தன் வேதாகமத்தைக் கொண்டுவந்து, சங்கீதத்தின் நடுவே திறந்து காட்டினாள். என் கையெழுத்தில் அந்தச் சீட்டு இருந்தது.

"அது டெலிவரி ஆயிடுச்சு. இருபத்து மூணு வருஷம் ஆச்சு" என்றாள்.

எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்து பதினோராம் நாள் இறந்தான் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் அதற்கு மேல் யாரும் அவனைப் பற்றிப் பேசியதில்லை. அம்மா அன்றுதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"ஆஸ்பத்திரியில நான் மட்டும்தான். தந்தி விழுப்புரத்துல உங்களைத் தவறவிட்டு, திருச்சியிலதான் வந்து சேர்ந்துது. நீங்க வந்து சேர்ற வரைக்கும் ரெண்டு நாளும் நான் இந்தச் சங்கீதத்தைத்தான் படிச்சுக்கிட்டிருந்தேன். என் வயித்துலேர்ந்து எடுத்தது நீர்தானே, பால் குடிக்கிறப்பவே ஏன் எடுத்துக்கிட்டீர்னு கேட்டேன். அது எனக்கு வந்த லெட்டர்னுதான் இத்தனை நாளும் நெனச்சேன். நீங்க விலாசம் போதாதுன்னு கீழ போட்டுட்டீங்க."

அப்பா சீட்டை வாங்கக் கையை நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டார். அம்மா வேதாகமத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். ஊரார் கடிதங்களையெல்லாம் பத்திரமாகச் சேர்த்தவருக்குத் தன் வீட்டுத் தந்தி மட்டும் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. அது எனக்கு அதுவரை உறைத்ததே இல்லை. கத்தியதற்காக வெட்கப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை வெள்ளைச் சேலைகளும் பனையோலை விசிறிகளுமாகக் கோயில் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் அம்மாவும் நானும். அப்பா வெறுங்கையோடு பிரசங்கபீடம் ஏறினார். நல்ல மேடைத் தமிழில் தொடங்கினார். கைகால்கள் துளைக்கப்பட்டதையும் உடைக்குச் சீட்டுப் போட்டதையும் அழகாகச் சேர்ப்பித்தார். ஐந்தாவது நிமிஷத்தில் நின்றார்.

"இது ஆண்டவருக்கு வந்த கடிதம். இதை நான் சாகும்வரை சொல்வேன். ஆனால் சிலுவையில் அவர் இதை வாசித்தபோது இது புதுக்கடிதம் அல்ல. அவருக்கு முன்னே எத்தனையோ பேர் பிரித்து வாசித்து, அழுது, மடித்துவைத்த கடிதம். அழுகிறவர்கள் எல்லாருடைய கடிதமும் என்பதால்தான் அவர் இதைக் கையில் எடுத்தார்."

பிறகு மேடைத் தமிழ் கழன்றுவிட்டது.

"எங்க வீட்டுலயும் ஒருத்தங்க இதை வாசிச்சாங்க. நான் அப்ப ஊர்ல இல்ல, வண்டியில இருந்தேன். ஏன் கைவிட்டீர்னு அவங்க கேட்டது ஆண்டவரை மட்டும் இல்ல, என்னையும்தான். அது நேத்துதான் எனக்குத் தெரிஞ்சுது."

ஆறு நிமிஷம் மீதி வைத்து இறங்கிவிட்டார். மணியில் கை வைத்திருந்த ஐயர் கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார். அம்மா விசிறிக்கொண்டே இருந்தாள், தனக்கல்ல, எனக்கு. நான் அழுதுகொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குப் பிறகு வேப்பமரத்தடியில் கஞ்சியும் துவையலும் கொடுத்தார்கள். கோயில்பிள்ளை அப்பாவிடம் வந்து, "நீ பேசிக்கினு இருக்கறப்ப ஒரு ஆளு எந்திரிக்கல சார். பானைத் தண்ணி அப்டியே கீது" என்று முறையிட்டுவிட்டுப் போனார். அப்பாவுக்கு அது எட்டியதாகத் தெரியவில்லை. கஞ்சிக் கிண்ணத்தோடு அம்மா பக்கத்தில் வந்து நின்றார். ஐயரிடமோ மற்றவர்களிடமோ கேட்காததை அவளிடம் கேட்டார்.

"சரியா இருந்துதா?"

அம்மா கஞ்சியைக் கலக்கிக்கொண்டே, "ஒன்பதாம் வசனத்தை விட்டுட்டீங்களே" என்றாள்.

"அது எப்படி நான் வாசிக்கிறது? உன் பேருக்கு வந்ததாச்சே" என்றார் அப்பா.

அம்மா தன் கிண்ணத்திலிருந்த துவையல் முழுவதையும் எடுத்து அவர் கஞ்சியில் போட்டாள்.