ரசீது வாங்காமல் கொடுத்த ஆயில் இன்ஜின்

அப்போது நான் புத்தூரில் ஒரு லாரி ஆபீசில் கிளார்க். மதராஸிலிருந்து வரும் சரக்கை, லாரி ரசீதை வாங்கிக்கொண்டு ஒப்படைப்பது என் வேலை. ரசீது யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் சரக்கு. வாங்காமல் கொடுத்தால் ஆபீஸ்தான் பொறுப்பு. சேர்ந்த அன்றே முதலாளி இதைப் படித்துப் படித்துச் சொன்னார். தெரியாமல் செய்தேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

ஆந்திரா பிரிந்து, எல்லைத் தகராறு கொதித்துக்கொண்டிருந்த காலம். ஆந்திராவோடு போய்விட்ட எங்கள் பக்கத்தை மதராஸோடு சேர்க்கச் சொல்லி, தமிழ்க்காரர்கள் ஊர்வலம் போனோம். அதில் என் பக்கத்திலேயே நடந்து, தொண்டை கிழியக் கத்திய ஒரு பம்ப்செட் வியாபாரி, ஒருநாள் மாட்டுவண்டியோடு ஆபீஸ் வாசலுக்கு வந்தார். காலையில்தான் ஓர் ஆயில் இன்ஜின் வந்து இறங்கியிருந்தது.

"என்னுதுதாம்பா அது. ரசீது தபால்ல வந்துகினு இருக்குது. நாளைக்கே கொண்டாந்து குடுத்துடறேன். நமக்குள்ள என்னாப்பா?"

அந்த 'நமக்குள்ள'வில் விழுந்தேன், மடையன்! வண்டியில் ஏற்ற நானே ஒரு கை கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ஏர்பேடு பக்கத்துத் தெலுங்கு விவசாயி ஒருவர் வந்து, மடியிலிருந்து அதே இன்ஜினுக்கான ரசீதை எடுத்து நீட்டினார். ஆர்டர் கொடுத்த வியாபாரி பணம் கட்டாததால் மதராஸ் கடைக்காரர் இன்ஜினை இவருக்கு விற்றுவிட்டாராம்.

"கிணத்துல தண்ணி கீழ போயிடுச்சு பாபு. மாடு கட்டி எறைச்சா பத்தல. கரும்பு காயுது."

"லாரி இன்னும் வரலீங்க. அடுத்த வாரம் வந்துடும்" என்றேன். அதற்குள் வியாபாரியிடமிருந்து இன்ஜினை மீட்டுவிடலாம் என்று நப்பாசை. அவர் கடையோ பூட்டிக் கிடந்தது. ஆள் ஊரிலேயே இல்லை.

அடுத்த வாரமும் விவசாயி வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். "வந்துடும்ங்க, வந்துடும்" என்று அதே பொய். ஒவ்வொரு தடவையும் "பரவாலேது பாபு" என்று வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். தெலுங்குக்காரர்தானே, அலையட்டும் என்று உள்ளுக்குள் ஓர் அற்பப் புத்தியும் இருந்தது. இப்போது எழுதக் கூசுகிறது.

நாலாவது தடவை முதலாளி இருந்தார். ரசீதைப் பார்த்ததும் என்னை உள்ளே இழுத்துப் போனார்.

"ரசீது அவரு கைல கீது. சரக்கு எங்கடா?"

சொன்னேன். அடிக்கக் கை ஓங்கியவர், அடிக்கவில்லை. வெளியே போய், பத்து நாளில் இன்ஜின் வீட்டுக்கே வரும் என்று விவசாயியிடம் வாக்குக் கொடுத்தார். ஆபீஸ் செலவில் வேறு இன்ஜின் தருவித்து, அதோடு என்னையே அனுப்பினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கரும்பில் பச்சை இல்லை. மாடுகளை மேய வயலுக்குள் அவிழ்த்து விட்டிருந்தார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசாமல் எனக்கு மோர் கொடுத்தார். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நீங்க மொதல்ல வந்த அன்னிக்கே அந்த இன்ஜின் என்கிட்ட இல்லீங்க. வேற ஆளுக்குக் குடுத்துட்டேன். பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் காய்ந்த தோகை ஒன்றை ஒடித்துப் போட்டார்.

"பக்கத்துக் கிணத்துக்காரரு தண்ணி விடறேன்னாரு பாபு. நீ வருது வருதுன்னு சொன்னதால நான்தான் வேணாம்னுட்டேன்."