கயிறு பிடித்தவனுக்குக் கறிக்கு மீன்

தென்மேற்குச் சோளகக் காற்று ஓய்ந்து வாடை இன்னும் தொடங்காத புரட்டாதிக் கடைசியில், வடகடல் ஒரு பத்து நாள் குளம்போலக் கிடக்கும். இந்த வருடம் அந்த நாட்களில் ஒரு கிழமை தொண்டைமானாற்றுக் கரையில் என் தங்கை வீட்டில் தங்கினேன். சண்டிலிப்பாயிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனால் ஒன்றரை மணி நேரம். எனக்கு நாற்பத்தொரு வருடம் பிடித்தது.

காரணம் நான்தான். அவள் மயிலிட்டிக் கடற்தொழிலாளர் குடும்பத்தில், அதுவும் கிறிஸ்தவ வேதக்காரர் ஒருவரை விரும்பிக் கட்டினாள். நான் அப்போது கணித ஆசிரியன். ஊரில் பெரிய மனிதன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தவன். எங்கள் வாசல் படலையில் நின்று, மாப்பிள்ளையும் அவருடைய தாயும் கேட்க, "உன்ரை வீட்டிலை ஒரு வாய் தண்ணியும் குடிக்க மாட்டன்" என்று அவளிடம் சொன்னேன். சொன்னபடியே இருந்தேன். அத்தனை வருடமும் என் வீட்டில் வெள்ளிக்கிழமையும் விரதமும் தவிர மற்ற நாட்களில் மீன் சமைத்தார்கள். கடற்கரையார் பிடித்த மீன் எனக்கு வேண்டியிருந்தது. அவர்கள் வீட்டு அடுப்பு வேண்டியிருக்கவில்லை.

யுத்தத்தில் மயிலிட்டி இடம்பெயர்ந்தபோது அவள் கைக்குழந்தையோடு மழையில் நனைந்தபடி எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் குடித்து முடித்த கோப்பையைத் தங்கை கீழே வைத்த சத்தம் கேட்டது. என் வீட்டில் குடிப்பதில்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. வெளிநாட்டிலிருக்கும் மகன் என் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க ஆள் பிடித்துவிட்டான். அந்த மணம் என் நெஞ்சுக்கு ஆகாது, ஒரு கிழமை எங்கேயாவது கடற்காற்றில் போய் நில்லுங்கள் என்றார் டாக்டர். தங்கையின் இலக்கத்தை மூன்று தரம் அழுத்திப் பாதியில் நிறுத்தினேன். நாலாவது தரம் அவள் எடுத்துவிட்டாள்.

"வாங்கோ அண்ணை. கட்டில் கிடக்கு" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

முதல் நாள் மத்தியானம் மேசையில் தனக்கும் தன் புருஷனான என் மச்சானுக்கும் சாப்பாட்டுக் கோப்பை வைத்து, சோறும் மீன்குழம்பும் போட்டாள். எனக்கு முன்னால் சந்திச் சைவக்கடைச் சாப்பாட்டுப் பார்சல் ஒன்றை வைத்தாள். பக்கத்தில் கடைத் தண்ணீர்ப் போத்தல்.

"அண்ணை எங்கடை வீட்டிலை தண்ணியும் குடிக்க மாட்டார். நான் மறக்கேல்லை" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமலிருந்தது.

மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன். பார்சலைப் பிரித்தேன். இரவும் பார்சல். மறுநாளும் பார்சல். மூன்றாம் நாள் மச்சான் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இண்டைக்கும் கத்தரிக்காயோ மச்சான்? கடைக்காரனுக்கும் உங்களோடை ஏதோ கோவம் போலை."

மச்சான் கரைவலைக்குப் போகிறவர். வேறு இடங்களில் டிராக்டர் பூட்டி வலையிழுக்கிறார்கள். இங்கே இன்னமும் கைதான். காலையில் மணலில் நின்று பார்ப்பேன். கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் ஆட்கள் வரிசையாகப் பிடித்துப் பின்னோக்கி நடப்பார்கள். வழியால் போன இருவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து கயிறு பிடித்தார்கள். வலை ஏறியதும் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி அவர்களுக்கும் இரண்டு கை மீன் அள்ளிக் கொடுத்தார்.

"அவையும் உங்கடை ஆக்களோ?" என்று மச்சானைக் கேட்டேன்.

"ஆரெண்டு ஆருக்குத் தெரியும்? கயிறு பிடிச்சவனுக்குக் கறிக்கு மீன். அவ்வளவுதான்."

நாலாம் நாள் காலை, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் கயிற்றைப் பிடித்தேன். வயது எழுபத்துநாலு.

"மாஸ்ரர், கயிறை நீங்கள் இழுக்கிறியளோ, கயிறு உங்களை இழுக்குதோ?" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குதிக்காலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, மேல்மணல் வரை போய், கயிற்றை விட்டுவிட்டுத் திரும்ப நீரோரத்துக்கு நடந்து மறுபடி பிடிக்க வேண்டும். நெஞ்சு அடித்தது. உள்ளங்கை எரிந்தது. நாலு தரம் மூச்சுவிட நின்றேன். நாலு தரமும் திரும்பிப் போனேன். வலையின் மடி கரையேறியபோது உள்ளே சூடை மீன் வெள்ளிபோலத் துள்ளியது. கொழும்பில் பட்டம் வாங்கிய நாளில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை.

சம்மாட்டி என் பங்கை ஒரு வாளியில் போட்டார். ஒரு கை கூடுதலாகவே போட்டார்.

வாளியோடு குசினி வாசலில் போய் நின்றேன். தங்கை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"ஆரின்ரை மீன்?"

"என்ரை. கயிறு பிடிச்சனான்."

அவள் எழுந்து வந்து என் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

"தங்கச்சி, படலையிலை நிண்டு நான் சொன்னது பிழை. அண்டைக்கு மழையிலை நீ வந்தநேரம் உள்ளுக்கை இருந்தது அதைவிடப் பெரிய பிழை. எனக்குக் குடிக்கக் கொஞ்சம் தண்ணி தா."

அவள் என் கைகளை விட்டாள். பிறகு குடத்திலிருந்து ஒரு செம்பு வார்த்துத் தந்தாள். நின்ற நிலையிலேயே முழுவதையும் குடித்தேன். உவர்க்கரைக் கிணற்றுத் தண்ணீர், கொஞ்சம் கரித்தது. இன்னொரு செம்பு கேட்டேன்.

"தண்ணி குடிச்சாப் போதுமோ? இருந்து மீனை வெட்டுங்கோ" என்றாள். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

வாழ்நாளில் அன்றுதான் முதன்முதலாக மீன் வெட்டினேன். பாதி சிதைந்துபோனது. அவள் அதையும் சேர்த்துத்தான் குழம்பு வைத்தாள்.

மத்தியானம் மூன்று கோப்பை வைத்தாள். வழக்கப்படி காலையிலேயே சொல்லிவைத்த பார்சலைக் கடைப் பையன் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனான். மச்சான் அதை இழுத்துப் பிரித்தார்.

"கத்தரிக்காய்!" என்றார். "மூண்டு நாளும் எனக்கு ஆசை காட்டிப்போட்டு, இண்டைக்குத்தான் தாறியள்."

நான் மூன்றாம் முறையும் சோற்றுக்குக் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தேன்.