உயிலில் ஒரு பெயர்

உயில் எழுதும் வக்கீல் ஆபீஸில் குப்பை கொட்டுகிறவர்களுக்குத் தெரியும்: வருகிறவர்கள் சொல்லாமல் விடுவதைக் கண்டுபிடிப்பதுதான் நமக்குப் பெரிய வேலை. மலேசியாவில், குளுவாங் ஊரில் பதினெட்டு வருஷமாக நான் கிளார்க்காக இருக்கிறேன்.

பேச முடியாதவர்

சேர்ந்த புதிதில் வக்கீலம்மா ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலேய வக்கீல் உயில்களைப் பற்றி எழுதியது. முன்னுரையில் அவர் கதை இருந்தது. அவருக்குத் திக்குவாய். கோர்ட்டில் எழுந்து நின்றால் நீதிபதிகளே பொறுமை இழப்பார்களாம். வழக்குகள் வருவது நின்றுபோனது. மாடியறையில் உட்கார்ந்து, குழப்பமான உயில்களால் சிதறிப்போன குடும்பங்களின் வழக்குகளை ஒவ்வொன்றாகப் படித்து, இருபது வருஷம் இந்த ஒரே புத்தகத்தை எழுதியிருக்கிறார்.

"பாவம்" என்றேன். வக்கீலம்மா சொன்னார்: "அன்னைக்குக் கோர்ட்ல நல்லா பேசினவங்க பேரு யாருக்குத் தெரியும்? இவர் சொல்றத ஜட்ஜுங்க இன்னும் கேக்குறாங்க லா."

மூன்று பிள்ளைகள்

முனியாண்டி அண்ணன் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். வீட்டை மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக எழுதச் சொன்னார். 'என் பிள்ளைகளுக்கு' என்று தட்டச்சு செய்துவிட்டேன். கையெழுத்துக்கு முதல் நாள், வேறு எதற்கோ அந்தப் புத்தகத்தைப் புரட்டியபோது 'பிள்ளை' என்ற சொல்லுக்கே ஓர் அத்தியாயம் இருந்தது. வளர்த்த பிள்ளை அந்தச் சொல்லுக்குள் வராமல் போகலாம், பெயரைச் சொல்லி எழுதுங்கள் என்கிறார். மனசு உறுத்தியது. போன் செய்து மூவரின் பிறப்புப் பத்திரங்களையும் கேட்டேன்.

அண்ணன் கொண்டுவந்தவற்றில் இரண்டில்தான் தகப்பனாக அவர் பெயர் இருந்தது. கடைசிப் பெண் செல்வி, எஸ்டேட்டில் பக்கத்து வீட்டுக் குழந்தை. தாய் தகப்பன் விபத்தில் போனதும் தூக்கி வந்து வளர்த்தார், தத்து பதியவில்லை. இப்படியே விட்டால் அவளுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம் என்றேன். செல்வியின் பத்திரத்தை எடுத்து மற்ற இரண்டுக்கும் மேலே வைத்தார். "அப்ப அவ பேர முதல்ல போடுங்கம்மா. மத்த ரெண்டு பேருக்கும் சட்டம் இருக்கு. அவளுக்கு நான் மட்டும்தான் இருக்கேன்."

எழுதாத உயில்

அந்த ஆங்கிலேயர் ஒருநாள் எழுதிக்கொண்டிருக்கும்போதே மேசையில் சாய்ந்து இறந்துபோனார். தனக்கென்று உயில் எழுதியிருக்கவில்லை. இரண்டாம் பதிப்புக்குப் பிழை திருத்தி முடித்தவர் அவர் மனைவி. மத்தியானச் சாப்பாட்டின்போது இதை என்னோடு வேலை செய்யும் மேரியிடம் சொன்னேன். கையில் எடுத்த சோற்றை அவள் கீழே வைத்தாள். "நீங்க எழுதிட்டீங்களாக்கா?"

முதல் வரி

போன வருஷம் முனியாண்டி அண்ணன் இறந்தார். பிள்ளைகள் மூவரும் ஆபீஸுக்கு வந்தார்கள். வேலை பார்க்கும் சிங்கப்பூர் ஃபேக்டரியின் உடுப்போடு நேராக வந்திருந்தாள் செல்வி. வக்கீலம்மா படித்து முடித்ததும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினாள். வீட்டைப் பற்றிய பகுதிக்கு அவள் போகவே இல்லை. முதல் வரியில் விரலை வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தாள். "என்னம்மா பாக்குற?" என்றான் மூத்தவன். "'என் மகள் செல்வி'ன்னு போட்டிருக்காருண்ணே."

நமக்கு நன்றி சொல்ல வேண்டிய ஆள் பெரும்பாலும் உயிரோடு இருப்பதில்லை என்பதால்தானோ என்னவோ, இந்தத் தொழிலில் பாராட்டை எதிர்பார்க்கும் பழக்கம் நமக்கெல்லாம் சீக்கிரமே விட்டுப்போகிறது.