பங்குக் கடிதத்தில் கிடைத்த சீட்

என் தங்கைக்கு மாற்றுக் கல்லூரி தேடிய அந்த இரண்டு மாதங்களில் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் நல்லபடியாகப் பேசவில்லை. அதற்கு நானும் ஒரு காரணம். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அவள் கேட்டது கிண்டியில் ஒரு பொறியியல் சீட். கவுன்சிலிங்கில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இயற்பியலில் சென்டம் வாங்கியவள், கணிதத்தில் ஒரு கணக்கைப் புத்தகத்தில் இல்லாத வழியில் போட்டு ஐந்து மதிப்பெண்ணை விட்டிருந்தாள். விடை சரிதான். "அவங்க வழி ரொம்ப நீளம்" என்பதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. யார் என்ன கேட்டாலும் அரை நிமிடம் யோசித்துத்தான் பதில் சொல்வாள். உண்மையில்லாத வாக்கியம் காதில் விழுந்தால் திருத்தாமல் விடமாட்டாள். உறவினர்கள் அதற்கு வைத்த பெயர் திமிர்.

நான் தரமணியில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். பட்டியல் போடாமல் எனக்கு யோசிக்க வராது. கிண்டி கிடைக்காவிட்டால் எங்கே என்று ஒரு பட்டியல் போட்டு, சனிக்கிழமைகளில் ஒவ்வொரு கல்லூரியாகப் போய் மூன்று கேள்விகள் கேட்டேன். நூலகத்தில் மாணவர்களே அலமாரியிலிருந்து புத்தகம் எடுக்கலாமா? வகுப்பில் கேள்வி கேட்டால் உட்கார் என்பார்களா? வேறு வழியில் போட்ட கணக்குக்கு மதிப்பெண் உண்டா?

"எல்லாரும் ப்ளேஸ்மென்ட் கேப்பாங்க மேடம். நீங்க அலமாரியக் கேக்குறீங்க" என்றார் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர். அதை என் பட்டியலிலிருந்து அடித்தேன். இன்னொரு இடத்தில் ஒரு பேராசிரியர், "ஸ்டெப் மார்க் போயிடும்மா, அதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அதையும் அடித்தேன்.

அடையாறில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் கணிதத் துறைத் தலைவி மட்டும் என்னைத் திருப்பிக் கேட்டார்: "என்ன வழி? அவளையே வந்து போட்டுக் காட்டச் சொல்லுங்க."

அடுத்த சனிக்கிழமை தங்கையைக் கூட்டிப் போனேன். கரும்பலகையில் அவள் எழுத, அவர் ஒரு வரியைக் காட்டித் தப்பு என்றார். இவள் அரை நிமிடம் நின்றுவிட்டு, தப்பில்லை என்றாள். ஒரு மணி நேரம் இருவருக்கும் என் ஞாபகமே இல்லை. வெளியே வந்ததும், "கிண்டி இல்லன்னா இங்க வரேன்" என்றாள். மற்ற எந்தக் கல்லூரியைப் பற்றியும் அவள் வாய் திறந்ததில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் தன் அக்காவுக்குப் போன் செய்தார். அத்தை சாந்தோமில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த தெருவிலிருந்து பத்து நிமிடத்தில் வந்துவிட்டார்.

"பி.எஸ்ஸியா? இந்த மார்க்குக்கா? வெளிய சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க."

எங்களைப் போன்ற கத்தோலிக்கப் பங்குக் குடும்பங்களில் மாற்றுக் கல்லூரிக்கு யாரும் பட்டியல் போடுவதில்லை. பங்குத் தந்தையிடம், அதாவது தங்கள் தேவாலயத்துப் பாதிரியாரிடம், ஒரு கடிதம் வாங்குவார்கள். பக்தியுள்ள குடும்பம், ஒழுக்கமான பிள்ளை என்று முத்திரையோடு எழுதித் தருவார். அதைக் கொண்டுபோனால் திருச்சபைக் கல்லூரியில் சிறுபான்மை ஒதுக்கீட்டில் இடம். ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் நானும் அப்படித்தான் சேர்ந்தேன். காலை ஆறு மணிக்குக் கல்லூரிப் பேருந்து. பெண்களுக்குத் தனி மாடிப்படி. கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி. நான்கு வருடத்தில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கும் வெளியே நிறுத்தினார்கள். அதே கல்லூரிக்குத் தங்கை பெயரில் அத்தை ஏற்கெனவே கடிதம் வாங்கி வைத்திருந்தார்.

"அங்க படிச்சதாலதானே மகாராணி இன்னிக்கு ஏசியில உக்காந்திருக்கீங்க?"

"என்னை ஊமையாக்கி அனுப்பினாங்க அத்த. இவள ஆக்க முடியாது. ஒடச்சிடுவாங்க."

"இதுவா ஊமை? வாய் எட்டு ஊருக்கு நீளுது!"

அப்பா அத்தை பக்கம். தங்கையைக் கூட்டிக்கொண்டு இருவரும் அந்தக் கல்லூரிக்குக் கிளம்பினார்கள். சான்றிதழ் கோப்பை நானே எடுத்து வருகிறேன் என்று சொல்லி நானும் உடன் போனேன். அந்தக் கல்லூரியில் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டால் படிப்பு முடியும்வரை திரும்ப வராது. என்னோடு சேர்ந்த ஒருத்திக்கு வேறு இடத்தில் சீட் கிடைத்தும் போக முடியாமல் போனது அதனால்தான்.

முதல்வரும் ஒரு பாதிரியார். கடிதத்தைப் படித்துவிட்டுத் தங்கையிடம், "பாடகர் குழுவில இருக்கியாம்மா? ரொம்ப நல்லது" என்றார்.

அரை நிமிடம் போயிற்று. அத்தை செருப்பால் அவள் காலைத் தட்டினார்.

"இல்ல ஃபாதர். எனக்குப் பாட வராது. அத்த சொல்லி அப்படி எழுதியிருக்காங்க."

அத்தை முகம் சிவந்தது. முதல்வர் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு மதிப்பெண் பட்டியலின் நகலைப் பார்த்தார். அந்த மதிப்பெண்கள் அவருக்குத் தேவைப்பட்டன. "பரவாயில்ல. ஒரிஜினல்ஸ் குடுங்க, இன்னிக்கே போட்டுடலாம்."

"ஒரிஜினல் வீட்ல இருக்கு ஃபாதர்" என்றேன்.

"இல்லக்கா, உன் பையிலதான் இருக்கு" என்றாள் என் தங்கை.

எல்லோரும் என் மடியில் இருந்த பையைப் பார்த்தார்கள். இதே அறையில் ஒரு காலத்தில் நின்றுகொண்டே மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன். பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"இருக்கு. தர மாட்டேன்."

முதல்வர் சிரிக்க முயன்றார். "நீங்க நம்ம பழைய மாணவி இல்ல?"

"அதனாலதான் ஃபாதர்."

திரும்பி வரும்போது அப்பா காரின் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அத்தை கிண்டி வரை பேசினார். நான் குடும்பத்தின் மானத்தை வாங்கியது, பங்குத் தந்தையின் முகத்தில் இனி எப்படி விழிப்பது, படித்த பெண்ணின் கொழுப்பு. கடைசியாக, "நாளைக்கு வேலை கிடைக்காம வீட்ல உக்காந்தா இவளுக்கு நீதான் சோறு போடணும்" என்றார்.

"போடறேன்."

தங்கைக்கும் என் மேல்தான் கோபம். "எதுக்கு வீட்ல இருக்குன்னு சொன்ன? தர மாட்டேன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். அவளுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பயத்தினால் சொன்னேன் என்பது எனக்கே தெரிந்ததால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கவுன்சிலிங்கில் கிண்டி கிடைக்கவில்லை. அவள் அடையாறில் சேர்ந்தாள். அத்தை என்னோடு பேசுவதில்லை, ஞாயிறு பூசையில் வேறு வரிசையில் உட்காருகிறார். எனக்கு அது வசதியாகவே இருக்கிறது. தங்கைக்கு வகுப்பு மூன்றரைக்கு முடிகிறது, துறைத் தலைவியின் கரும்பலகையை விட்டு ஆறரைக்குத்தான் வீட்டுக்கு வருகிறாள். அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னை முறைக்கிறார். நான் சாப்பாட்டை எடுத்து வைக்கிறேன்.